கேலுமெட்: ஒரு வீட்டில் இரண்டு உயில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் கேலுமெட் குதிரைப் பண்ணை பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். குதிரை வளர்ப்புக்குத் தமிழில் ஒரு முழுப் பக்கம் கிடைப்பதே அபூர்வம், அதற்கு நன்றி. ஆனால் முப்பது ஆண்டுக்கு மேல் அந்தப் பண்ணையை நடத்திய லூசில் மார்க்கியைப் பற்றிக் கட்டுரை சொல்லும் இரண்டு செய்திகளை அப்படியே விட்டுவிட முடியாது. பந்தயத்தில் சம்பாதித்ததைத்தான் அவர் தர்மத்துக்குக் கொடுத்தார் என்பது ஒன்று. கடைசிக் காலத்தில் பண்ணையைக் கோட்டைவிட்டார் என்பது இன்னொன்று. அந்தப் பணத்தின் வேர் சமையலறையில் இருந்தது. பண்ணை கடனில் மூழ்கியதோ அவர் கண்ணை மூடிய பிறகு. அவர் பெயரில் இருந்த சொத்துக்கு அவரே ஓர் உயில் எழுதினார். பண்ணையின் கதியை முடிவு செய்தது அவருடைய கணவர் எழுதிவைத்த உயில். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் நல்லது செய்தவர் தலையில் பழி வந்து விழும். உங்கள் கட்டுரையில் விழுந்திருக்கிறது.

முதலில் பணம் வந்த வழி. கேலுமெட் என்பது குதிரைக்கு முன்னால் பேக்கிங் பவுடரின் பெயர். அந்தப் பவுடரில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஆப்பச்சோடா, அதோடு சேர்ந்து பொங்க உலர்ந்த ஓர் அமில உப்பு, டப்பாவுக்குள்ளேயே இரண்டும் பொங்கித் தீர்ந்துவிடாமல் ஈரத்தை இழுத்துக்கொள்ளச் சோளமாவு, அவ்வளவுதான். வித்தியாசமெல்லாம் அமில உப்பில். பழைய கம்பெனிகள் திராட்சை மதுப் பீப்பாயின் உட்புறம் படியும் டார்ட்டார் உப்பைப் போட்டன. அது ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரவேண்டும், விலையும் அதிகம். தண்ணீர் பட்ட மாத்திரத்தில் பொங்கிவிடும் என்பதால் மாவைக் கலந்து வைத்துவிட்டுச் சற்று அசந்தாலும் கேக் எழும்பாது. 1889-ல் சிகாகோவில் வில்லியம் மன்ரோ ரைட் தொடங்கிய கேலுமெட் கம்பெனி படிகார இனத்து உப்பைப் போட்டது. அது மலிவு. சூடு ஏறினால்தான் முழு வேலை செய்யும். ஆகையால் கலந்த மாவு காத்திருந்தாலும் அடுப்புக்குள் போனபின் எழும்பும்.

இதை விற்ற விதம்தான் வேடிக்கை. விற்பனையாள் கடைக்கு வந்து, இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டு, ஒன்றில் போட்டிக் கம்பெனிப் பவுடரையும் மற்றதில் கேலுமெட்டையும் போட்டுக் காட்டுவார். போட்டிக்காரன் நுரை பொங்கி உடனே அடங்கும். கேலுமெட் நுரை டம்ளர் விளிம்புவரை எழுந்து அப்படியே நிற்கும். காரணம், பவுடரில் மிகச் சிறிதளவு உலர்த்திய முட்டை வெள்ளைக்கரு கலந்திருந்தது. நுரையைப் பிடித்து நிறுத்தத்தான் அது; கேக்கை உயர்த்துவதில் அதற்குச் சொல்லிக்கொள்ளும்படி பங்கில்லை. போட்டிக்காரர்கள் இதை ஏமாற்று என்றார்கள். அவர்களும் யோக்கியர்கள் இல்லை. படிகாரம் விஷம் என்று ஊரெல்லாம் கிளப்பிவிட்டவர்கள்தான். (வீட்டில் கிடக்கும் டப்பா இன்னும் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க இன்றும் அதே சோதனைதான்: அரை டம்ளர் சுடுதண்ணீரில் ஒரு தேக்கரண்டி போட்டால் உடனே பொங்கவேண்டும். பொங்காவிட்டால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். இன்னும் இரண்டு கரண்டி கூடப் போட்டால் கசக்குமே தவிர எழும்பாது.)

ரைட்டின் மகன் வாரன் கம்பெனியை வளர்த்து, 1928-ல் போஸ்டம் நிறுவனத்துக்கு 3 கோடியே 20 லட்சம் டாலருக்கு விற்றார். அடுத்த ஆண்டு பங்குச் சந்தை சரிந்தது. வாங்கிய போஸ்டம், மார்ஜரி போஸ்ட் என்கிற இன்னொரு உணவுச் சீமாட்டியின் குடும்பக் கம்பெனி. கென்டக்கி மாநிலத்து லூசில் பார்க்கர் 1919-ல் வாரனை மணந்து இந்தக் குடும்பத்துக்குள் வந்தவர். பந்தயப் பரிசுகள் இந்தச் செல்வத்தோடு பிறகு சேர்ந்தவை, தோற்றுவித்தவை அல்ல.

பண்ணையையும் முதலில் தொடங்கியது மாமனார்தான். 1924-ல் லெக்சிங்டன் அருகே நிலம் வாங்கி வண்டியிழுத்து ஓடும் டிராட்டர் இனத்தை வளர்த்தார். 1931-ல் அந்த இனத்தின் உச்சப் பந்தயமான ஹாம்பிள்டோனியனை அவருடைய கேலுமெட் பட்லர் வென்றது. அதே ஆண்டில் அவர் இறந்தார். வாரனுக்கு டிராட்டரில் ஈடுபாடு இல்லை. எல்லாவற்றையும் விற்றுவிட்டு, ஜாக்கி முதுகில் ஏறி ஓட்டும் தரோபிரெட் இனத்துக்கு மாறினார். பேக்கிங் பவுடர் டப்பாவின் சிவப்பு லாயங்களின் சட்டத்திலும் கதவு ஓரத்திலும் ஏறியது.

கட்டுரையாளர் இந்த இடத்தில் 'அதிர்ஷ்டம்' என்று எழுதியிருக்கிறார். மூன்று கொள்முதல்களைப் பார்த்தால் அது அதிர்ஷ்டமா கணக்கா என்பது தெரியும். 1936-ல் சரடோகா ஏலத்தில் 14,000 டாலருக்குப் புல் லீ என்ற ஒரு வயதுக் குட்டியை வாங்கினார் வாரன். 1938 கென்டக்கி டெர்பியில் அது எட்டாவதாக வந்தது. ஓட்டத்தில் சுமார்தான், பொலியில் (இனப்பெருக்கத்தில்) ஐந்து ஆண்டு நாட்டின் முதலிடம். அதே 1936-ல், ஆகா கானின் பிளெனம் அமெரிக்காவுக்கு வந்தது. 1930-ல் இங்கிலாந்தின் எப்சம் டெர்பியை வென்ற குதிரை அது. கிளெய்போர்ன் பண்ணை சேர்த்த கூட்டு 2,50,000 டாலர் கொடுத்து வாங்க, வாரன் அதில் கால் பங்கு எடுத்தார். அதன் மகன் வெர்ல்அவே 1941-ல் முக்கிரீடம் (கென்டக்கி டெர்பி, பிரீக்னெஸ், பெல்மான்ட் மூன்றும்) வென்றது. மூன்றாவது கொள்முதல் ஹைட்ரோபிளேன் என்ற பெட்டைக் குதிரை. 1941-ல், போர் நடுவில், இங்கிலாந்தின் டெர்பி பிரபுவிடமிருந்து வாங்கினார்கள். அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் திரிந்ததால் உலகைச் சுற்றிப் பசிபிக் வழியாகக் கப்பலில் கொண்டுவந்தார்கள். அதைப் புல் லீயோடு சேர்த்து 1945 ஏப்ரல் 11-ல் பிறந்தது சைட்டேஷன்.

இப்படிப்பட்ட குட்டி ஒன்று தரையில் விழுந்து எழுந்து நிற்பதற்குள் எத்தனை இடத்தில் தவறலாம் என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். வடக்கு அரைக்கோளத்தில் தரோபிரெட் அத்தனைக்கும் ஜனவரி 1-தான் பிறந்தநாள். டிசம்பர் 31 இரவு பிறந்த குட்டிக்கு மறுநாள் ஒரு வயது. பந்தயத்தில் அது தன்னைவிடப் பதினோரு மாதம் மூத்த குட்டிகளோடு ஓடவேண்டிவரும். அதனால் ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில் ஈனவைக்கப் பார்ப்பார்கள். சினைக்காலம் சுமார் 340 நாள். அப்படியானால் பொலியை பிப்ரவரி நடுவில் தொடங்கவேண்டும். ஆனால் குதிரை இயற்கையில் வசந்தம் முற்றி, பகல் நீண்ட பிறகுதான் பருவத்துக்கு வரும். இதற்காகவே டிசம்பர் தொடக்கத்திலிருந்து இரவில் கொட்டடியில் விளக்குப் போட்டு, பகலையும் சேர்த்து 16 மணி நேர வெளிச்சம் கொடுக்கிறார்கள். அறுபது எழுபது நாள் விடாமல் கொடுத்தால் உடம்பு வசந்தம் வந்துவிட்டது என்று நம்பிவிடும். நடுவில் சில நாள் விளக்கு அணைந்தால் பட்ட பாடு போச்சு.

பருவச் சுழற்சி 21 நாள். அதில் பொலிக்குத் தோதானது ஐந்து முதல் ஏழு நாள். முட்டை இறங்குவது அதன் கடைசி ஓரிரு நாளில். அந்த நேரத்தைக் கண்டுபிடிக்க, மதிப்பில்லாத ஓர் ஆண் குதிரையைப் பலகைக்கு அந்தப்பக்கம் நிறுத்திப் பார்ப்பார்கள். பெட்டை காதை மடக்கி உதைத்தால் இன்று இல்லை. வாலைத் தூக்கி நின்றால் மருத்துவரைக் கூப்பிடலாம். உறைந்த விந்து, ஊசி, செயற்கைக் கருவூட்டல் எதற்கும் இந்த இனத்தில் இடமில்லை. நேரடிச் சேர்க்கையில் பிறந்த குட்டிக்குத்தான் இனப் பதிவேட்டை வைத்திருக்கும் ஜாக்கி கிளப் பதிவு கொடுக்கும். நல்ல பொலிகுதிரையின் ஒரு நாளுக்கு இத்தனை விலை இருப்பது அதனால்தான். பின்னால் கேலுமெட் சீரழிந்ததற்கும் இந்த விதிக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

ஈன்றபின், லாயத்தில் வேலை செய்பவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கு ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு மணி நேரத்தில் குட்டி எழுந்து நிற்கவேண்டும். இரண்டு மணிக்குள் மடியைப் பிடிக்கவேண்டும். மூன்று மணிக்குள் தாய்க்கு நஞ்சுக்கொடி முழுதாக விழவேண்டும். கைவிரல் அளவு துண்டு உள்ளே தங்கினாலும் சீழ் பிடித்து, அது குளம்புக்கு இறங்கி, நல்ல தாய்க்குதிரை நிற்கமுடியாமல் போகும். இரண்டாவது மணிக்கும் காரணம் உண்டு. மனிதக் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்புச் சக்தி வயிற்றிலேயே கிடைத்துவிடும். குதிரைக் குட்டிக்குக் கிடைக்காது. சீம்பாலில்தான் எல்லாம் இருக்கிறது. அதைக் குட்டியின் குடல் உறிஞ்சும் திறன் மணிக்கு மணி குறைந்து ஒரு நாளுக்குள் அடைத்துக்கொள்ளும். வேளை தப்பினால், பார்க்க மினுமினுவென்று இருக்கும் குட்டி நான்காம் நாள் மூட்டு வீங்கிச் சாகும். இந்த ஒழுங்கை ஆண்டுதோறும் பிசகாமல் கடைப்பிடித்ததுதான் கேலுமெட்டின் 'அதிர்ஷ்டம்'. 1947-ல் ஒரே பருவத்தில் 14 லட்சம் டாலருக்கு மேல் பரிசு வாங்கியது. பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் பண்ணை அது.

வாரன் ரைட் 1950 டிசம்பர் 28-ல் இறந்தார். சைட்டேஷன் பத்து லட்சம் டாலர் சம்பாதிக்கும் முதல் குதிரையாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. கைம்பெண்ணான லூசில் முன்னால் வந்த முதல் பெரிய கேள்வி இதுதான். குதிரையின் நிலை அப்போது சுகமில்லை. 1948-ல் இருபது பந்தயம் ஓடிப் பத்தொன்பதில் வென்று முக்கிரீடம் தூக்கிய அதே குதிரை, அந்த ஆண்டுக் கடைசியில் முன்கால் கணுமூட்டில் எலும்பு தடித்து, 1949 முழுதும் ஓடவில்லை. 1950-ல் திரும்பி வந்து ஒன்பது பந்தயத்தில் ஏழில் இரண்டாமிடம்; நூர் என்ற ஒரே குதிரையிடம் நான்கு முறை தோல்வி. அதுவரை முதல் இரண்டு இடத்தை விட்டு இறங்கியிராத குதிரை 1951-ல் மூன்றாமிடத்துக்கும் இறங்கியது. ஆறு வயது. நிறுத்திவிடுங்கள் என்று சொன்னவர்களுக்குக் குறைவில்லை. எங்களைக் கேட்டாலும் நாங்களும் அதைத்தான் சொல்லியிருப்போம். அந்த மூட்டோடு ஓடும் குதிரை பாதியில் கால் ஒடிந்து விழலாம்.

லூசில் நிறுத்தவில்லை. பயிற்சியாளர் ஜிம்மி ஜோன்ஸ் குதிரையைக் கோடையிலும் கலிபோர்னியாவில் ஓட்டினார். அடுத்தடுத்து வென்று, 1951 ஜூலை 14 ஹாலிவுட் தங்கக் கோப்பையில் சைட்டேஷன் பத்து லட்சத்தைத் தாண்டியது. இரண்டாவதாக வந்த பிவிச் கேலுமெட்டின் இன்னொரு குதிரை. மொத்தக் கணக்கு 45 ஓட்டம், 32 வெற்றி, 10,85,760 டாலர். அதோடு சைட்டேஷனை ஓய்வுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னும் ஒரு பந்தயம் என்று இழுக்காததைத்தான் நாங்கள் பெரிதாக நினைக்கிறோம். எல்லை வைத்துக்கொண்டு, எல்லை வந்ததும் நிறுத்தத் தெரிந்தவர் அவர். அதே புத்தியை அறக்கட்டளையிலும் பார்க்கிறோம்.

1952-ல் ஜீன் மார்க்கியை மணந்தார். ஹாலிவுட் எழுத்தாளர், கடற்படை அதிகாரி, அதற்கு முன்னால் மூன்று சினிமா நட்சத்திரங்களின் கணவர். தங்கள் கட்டுரையில் பாதி இவர்தான் என்பதால் நாங்கள் விட்டுவிடுகிறோம். 1952, 1957, 1958 டெர்பிகளும் கேலுமெட்டுக்கே. 1968-லும் ஒன்று கிடைத்தது: முதலில் வந்த குதிரையின் சிறுநீரில் வலிமருந்து இருந்ததால் பரிசு இரண்டாவது வந்த ஃபார்வர்டு பாஸுக்குப் போனது, வழக்கு 1972 வரை இழுத்தது. ஆனால் பண்ணை இறங்குமுகம் கண்டது அந்த அறுபதுகளில்தான். இதில் லூசிலுக்கும் பங்கு உண்டு, மறைக்கவேண்டியதில்லை. புல் லீயின் பெண்கள் பண்ணை நிறைய இருந்தார்கள். அவர்களை அப்பனோடு சேர்க்கமுடியாது. புல் லீயின் மகன்களோ பொலியில் எடுபடவில்லை, சைட்டேஷனும் ஏமாற்றம்தான். வெளியிலிருந்து புது ரத்தம் கொண்டுவரவேண்டிய இடத்தில் அவர் பல ஆண்டு தயங்கினார். நல்ல பெட்டைகள் சுமாரான ஆண்களுக்குக் குட்டி ஈன்றன.

அது மாறியது எழுபதுகளில், ஜான் வீச் பயிற்சியாளராக வந்தபின். சுவீட் டூத் என்ற பெட்டையை வெளிப் பொலிகுதிரையான ரெய்ஸ் எ நேட்டிவோடு சேர்த்துப் பிறந்தது ஆலிடார். 1978-ல் அது மூன்று முக்கிரீடப் பந்தயங்களிலும் அஃபர்ம்டு என்ற குதிரைக்கு அடுத்து இரண்டாவதாக வந்தது. டெர்பியில் ஒன்றரைக் குதிரை நீளம், பிரீக்னெஸ்ஸில் ஒரு கழுத்து, பெல்மான்டில் ஒரு தலை. அதற்கு முன் அந்த ஏப்ரலில், லெக்சிங்டனின் கீன்லேண்டு மைதானத்தில், முதுமையில் நடமாட முடியாத மார்க்கி தம்பதியைக் காரிலேயே ஓடுபாதை வேலி ஓரம்வரை அழைத்து வந்தார்கள். பந்தயத்துக்கு முன் ஜாக்கி வெலாஸ்கெஸ் வரிசையிலிருந்து விலகி, ஆலிடாரை வேலியருகே கொண்டுவந்து அவர்களுக்குக் காட்டிவிட்டுப் போனார். பிறகு 13 குதிரை நீளத்தில் வென்றார். கட்டுரையாளர் எழுதியதுபோல் குதிரைகளைப் பற்றிய நினைப்பே இல்லாமல் இருந்தவருக்கு அந்தக் காரும் அந்த வேலியும் எதற்கு?

இனி உயில்கள். வாரன் ரைட் எழுதியது நம் ஊர்ப் பத்திரங்களில் அடிக்கடி காணும் ஏற்பாடுதான். பண்ணை மனைவிக்கு ஆயுள்வரை அனுபவ பாத்தியம். அவர் காலத்துக்குப் பிறகு மகன் வழிக்கு. யாருக்குப் போகவேண்டும் என்று மாற்றி எழுதும் உரிமை லூசிலுக்கு இல்லை. மகன் வாரன் ஜூனியர் 1978-லேயே இறந்துவிட, பின்னுரிமை அவருடைய மனைவி மக்களுக்குப் போனது. மூத்த பேத்தியின் கணவர் ஜே. டி. லண்டியை லூசிலுக்கு ஆகாது என்பது லெக்சிங்டனில் ஊரறிந்த விஷயம். ஆனால் பத்திரத்தில் விருப்பு வெறுப்புக்கு இடமேது?

தன் பெயரில் இருந்ததற்கு லூசில் 1975-ல் உயில் எழுதினார். அத்தனையும் அடிப்படை மருத்துவ ஆராய்ச்சிக்கு. நோய்க்கு மருந்து கண்டுபிடி என்று கேட்காமல், செல் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பவனுக்கும் பணம். முக்கியமான நிபந்தனை அடுத்தது: தாம் இறந்து பதினைந்து ஆண்டுக்குள் முழுப் பணத்தையும் கொடுத்துத் தீர்த்து, அறக்கட்டளையை மூடிவிடவேண்டும். 1982 ஜூலை 24-ல் இறந்தார். 1997-ல் அறக்கட்டளை மூடப்பட்டது. இடையில் கொடுத்தது 50 கோடி டாலருக்கு மேல்.

நிரந்தர நிதி என்று மூலதனத்தைப் பூட்டிவைத்து வட்டியில் தர்மம் செய்வதுதான் இங்கே வழக்கம். அமெரிக்காவிலும் பெரும்பாலும் அதேதான். அங்கே சட்டம் ஆண்டுக்குச் சொத்தில் 5 சதவீதமாவது செலவிடு என்கிறது, பலர் அதைக் குறைந்தபட்சம் என்று எடுக்காமல் அளவாகவே எடுத்துக்கொள்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 ரூபாய் நிதி, 5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 5 ரூபாய். அதே 100 ரூபாய் 8 சதவீதம் ஈட்டுகிறது, பதினைந்து ஆண்டில் முதலையும் சேர்த்துக் கரைக்கவேண்டும் என்றால் ஆண்டுக்கு 11 ரூபாய் 68 காசு கொடுக்கலாம். இரண்டு மடங்குக்கு மேல். ஐந்து ரூபாயில் ஓர் ஆய்வகத்துக்கு ஒரு கருவி வாங்கிக் கொடுக்கலாம் என்றால், பதினொரு ரூபாயில் ஆளையும் போட்டு, அவர் சம்பளத்துக்கும் வழி செய்யலாம்.

மார்க்கி அறக்கட்டளை அப்படித்தான் செய்தது. மார்க்கி ஆய்வாளர் என்ற திட்டத்தில் 113 இளம் விஞ்ஞானிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சிக் காலத்தில் மூன்று ஆண்டு வரையும், பிறகு சொந்த ஆய்வகம் தொடங்கியபின் ஐந்து ஆண்டும் ஒரே கையிலிருந்து பணம். இந்தத் துறையில் ஆட்கள் விழும் பள்ளம் சரியாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. பயிற்சி முடிந்துவிடும்; வேலை கிடைத்துவிடும்; முதல் மானியம் வர இரண்டு மூன்று ஆண்டாகும்; அதற்குள் புதிதாக எதையும் முயலப் பயந்து, வழிகாட்டியின் பழைய வேலையையே திருப்பிச் செய்வார்கள். இங்கே வேலை மாறினாலும் பணம் கூடவே போனது. இது தவிரப் பல்கலைக்கழகங்களுக்குப் பெருந்தொகை மானியங்கள், பல ஆண்டுக்கு. கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் மையம் இன்றும் மார்க்கி பெயரில்தான் இயங்குகிறது.

மூடும் தேதி உள்ள நிதியை நடத்துவது சுலபம் என்று நினைக்கவேண்டாம். எட்டு ஆண்டு உதவி என்று வாக்களித்தால், கடைசித் தேர்வைப் பதினைந்தாவது ஆண்டில் வைத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் ஆய்வாளர் தேர்வு 1991-லேயே நின்றது. கடைசி ஆண்டுகளில் பணத்தைப் பங்குச் சந்தையில் விட்டுவைத்தால், சரிவு வந்தபின் ஏறும்வரை காத்திருக்க அவகாசம் இருக்காது; கொடுக்கவேண்டிய தேதிக்கு முதிரும் கடன்பத்திரங்களுக்கு மாற்றிக்கொண்டே வரவேண்டும். நல்ல ஊழியர்கள் கடைசிவரை இருக்கமாட்டார்கள், அடுத்த வேலையைத் தேடிப் போய்விடுவார்கள். ஆகவே ஆளைக் குறைவாக வைத்து, வெளி நிபுணர்களைக் கொண்டு வேலை வாங்கவேண்டும். பொறுப்பாளர்களில் ஒருவர், பண்ணையில் நெடுங்காலம் செயலாளராக இருந்த மார்கரெட் கிளாஸ். அறிவியல் பக்கத்தைக் கவனித்தவர் மருத்துவக் கல்லூரி முதல்வராக இருந்த ராபர்ட் கிளேசர். விஞ்ஞானம் தெரியாத நாம் விஞ்ஞானிக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்ற தெளிவு அந்தப் பொறுப்பாளர்களிடம் இருந்தது. இதைச் சொல்வது சுலபம்; பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைப்பிடிப்பவர்களைக் காண்பது அரிது.

அதே 1982-ல் பண்ணை, கடன் ஒரு காசு இல்லாமல், வாரிசுகள் கைக்குப் போனது. நிர்வாகத்தை லண்டி எடுத்துக்கொண்டார். ஆலிடார் அப்போது தங்கச் சுரங்கம்: அலிஷீபா, ஈஸி கோயர் எல்லாம் அதன் மக்கள், 1990-ல் நாட்டின் சிறந்த குதிரையான கிரிமினல் டைப் கேலுமெட்டிலேயே பிறந்தது. நேரடிச் சேர்க்கை விதியை மேலே சொன்னோம்; அதனால் பொலிநாள் எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. லண்டி அந்த நாட்களை 'ஆயுள் உரிமை' என்று விற்றார். ஒருமுறை பெருந்தொகை கட்டியவர், குதிரை உயிரோடிருக்கும்வரை ஆண்டுதோறும் ஒரு பெட்டையைக் கட்டணமின்றி அனுப்பலாம். விற்ற ஆண்டில் கணக்குப் புத்தகம் ஜொலிக்கும். ஆனால் அது வருமானம் அல்ல, வரப்போகும் ஆண்டுகளின் வருமானத்தை முன்கூட்டியே அள்ளியது. உரிமை வாங்கியவர்கள் வரிசையில் நிற்க, காசு கொடுத்து வருபவருக்கு மிச்சமிருக்கும் நாட்கள் குறையும். குறைந்ததை ஈடுகட்ட எண்ணிக்கையைக் கூட்டவேண்டும். எண்ணிக்கை கூடினால் ஏலத்தில் ஆலிடார் குட்டிகள் மலியும், விலை இறங்கும். வந்த பணம் பிற பொலிகுதிரைகளின் பங்குகள், கட்டடங்கள், தனி விமானம் என்று கரைந்தது. போதாததற்கு வங்கிக் கடன். எண்பதுகளின் நடுவில் குதிரைச் சந்தை விழத் தொடங்கியபோது ஈடு வைக்க மிஞ்சியது அந்த ஒரே குதிரை.

1990 நவம்பர் 13 இரவு ஆலிடார் கொட்டடியில் பின்னங்கால் எலும்பு முறிந்து நின்றது. அறுவை செய்து கட்டுப் போட்டார்கள். ஐந்நூறு கிலோ மிருகத்தை மாதக்கணக்கில் படுக்கவைத்துக் குணப்படுத்த முடியாது; படுத்தால் குடலும் நுரையீரலும் கெடும், நின்றால் மற்ற மூன்று காலும் பாரம் தாங்காமல் குளம்பு கழலும். எழுந்து நடந்தபோது அதே காலில் தொடை எலும்பும் முறிந்தது. 15-ந் தேதி கருணைக்கொலை. காப்பீடு 3 கோடியே 65 லட்சம் டாலர். அது எப்படி முறிந்தது என்பதைப் பற்றிப் பிறகு எழுந்த சந்தேகங்களைத் தங்கள் கட்டுரை விரிவாகவே எழுதியிருக்கிறது; அந்த மரணம் தொடர்பாக யாரும் குற்றவாளி என்று தீர்ப்பாகவில்லை என்பதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம். லண்டி 2000-ல் தண்டிக்கப்பட்டது வங்கி மோசடி, லஞ்ச வழக்கில். 1991 ஜூலையில், பத்து கோடி டாலருக்கு மேல் கடனோடு, கேலுமெட் திவால் மனு கொடுத்தது. 1992 மார்ச்சில் ஏலம். போலந்தில் பிறந்த ஹென்ரிக் டி குவியட்கோவ்ஸ்கி 1 கோடியே 70 லட்சத்துக்கு வாங்கி, பண்ணை துண்டு துண்டாகாமல் காப்பாற்றினார். கோப்பைகளை மாநிலம் மீட்டுக் கென்டக்கி குதிரைப் பூங்கா அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறது.

ஏலம் நடந்த அந்த 1992-ல் மார்க்கி அறக்கட்டளை மூடுவதற்கு இன்னும் ஐந்து ஆண்டு இருந்தது. ஆய்வாளர்களுக்கான பணம் உரிய தேதிக்குப் போய்க்கொண்டிருந்தது. "லூசில் மார்க்கி கைவிட்ட பண்ணை" என்ற தங்கள் தலைப்பைத் திருத்தி, சிறு குறிப்பாகவேனும் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குதிரை மருத்துவத்திலும் அறக்கட்டளைக் கணக்கிலும் தொழில் செய்யும் இரு வாசகர்கள்,
சென்னை.

பி.கு.: படத்தின் கீழ் 'சைட்டேஷன்' என்று போட்டிருக்கிறீர்கள். வால் தரையைத் தொடுமளவு நீண்டிருக்கிறது, முகமூடியில் வலது கண் மூடி இடது கண் திறந்திருக்கிறது. ஆகவே அது வெர்ல்அவே. வளைவில் வெளிப்பக்கமாக ஓடிப்போகும் கெட்ட பழக்கம் அதற்கு. 1941 டெர்பிக்கு முன் பயிற்சியாளர் பென் ஜோன்ஸ், இடது கண்ணை மறைத்த தோலை மட்டும் கத்தியால் வெட்டித் திறந்துவிட்டார். வெளிப்பக்கம் தெரியாது, உள்வேலி மட்டும் தெரியும். பிறகு தானே ஒரு குதிரையில் ஏறி, வேலிக்கும் தனக்கும் நடுவில் சிறு சந்து விட்டு நின்றுகொண்டு, அந்தச் சந்தில் நுழைத்து ஓட்டும்படி ஜாக்கி அர்காரோவிடம் சொன்னார். குதிரை நேராக நுழைந்து போனது. டெர்பியை எட்டுக் குதிரை நீளத்தில் வென்றது.